தூண்களைச் சீவச் சொன்னவன்

சவரிமுத்து என்னால் செத்தான். சகோதர சகோதரிகளே, இதை முதலில் சொன்னால்தான் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல முடியும்.

மலாயாவில் கோலா பிலா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணியாகக் கணக்கு எழுதினேன். ஜப்பான்காரர்கள் வந்த பிறகு ரப்பர் வாங்க ஆளில்லை. மலைக்குள் மூடிக் கிடந்த ஈயச் சுரங்கத்தைத் திறந்து, தோட்டத்து ஆட்களை அதில் இறக்கினார்கள். ஈயம் குறைந்தால் சயாம் ரயில் வேலைக்கு அனுப்பிவிடுவேன் என்றார் ஜப்பானிய அதிகாரி. சயாம் போனவர்கள் திரும்பவில்லை. நான் பயந்தேன்.

மேற்பாறையைத் தாங்குவதற்காக வெட்டாமல் விட்ட கல்தூண்கள் உள்ளே இருந்தன. அவற்றில் நல்ல ஈயம். ரப்பர் மரத்தில் பட்டை சீவுவதுபோல் எல்லாத் தூண்களையும் சுற்றிக் கொஞ்சம் சீவலாம் என்று நானே அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். ஆட்களிடம் அதை ஜப்பான்காரன் உத்தரவு என்றேன்.

சவரி ரப்பர் பால்வெட்டுக்காரன். எனக்கிருந்த ஒரே சிநேகிதன். தூணைத் தட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"ஏன் கிராணியாரே, இதுல பால் வடியுமா? பால் பிடிக்க மங்கு கட்டிறட்டுமா?"

"வாய மூடிட்டு வெட்டுடா. சயாமுக்குப் போறியா?"

"நான் வரல லா. நீங்க போங்க, அங்கயும் கணக்கெழுத ஆளு வேணுமாம்."

தூண்கள் இடுப்பில் மெலிந்தன. சில்லுகள் தாமாகத் தெறித்தன. பாறைக்குள் படபடவென்று சத்தம் கேட்டது. கேட்டும் பேசாமல் இருந்தேன்.

ஒரு காலை, நான் கணக்கெடுக்க உள்ளே போயிருந்தபோது, ஒரு தூண் வெடித்தது. அதன் பாரம் பக்கத்துத் தூண்களின் மேல் விழுந்தது. அவற்றையும்தான் மெலிய வைத்திருந்தேனே. வரிசையாக நொறுங்கின. சிலவற்றையாவது தொடாமல் விட்டிருந்தால் சரிவு அங்கே நின்றிருக்கும்.

இருட்டு. கால் கல்லுக்கடியில். கத்தினேன், பதிலில்லை. சாவைவிடத் தனியாகச் சாவதைத்தான் தாங்க முடியவில்லை. "ஆண்டவரே, ஒரு குரலாவது தாரும்" என்று அழுதேன்.

கற்குவியலுக்கு அப்பாலிருந்து சவரி பேசினான். "யாரு, கிராணியாரா? அழுவாதீங்க. நான் இங்கதான் இருக்கேன்."

"சவரி, இது ஜப்பான்காரன் உத்தரவில்லடா. யோசனை என்னோடது."

அவன் பேசவில்லை. மறுபடி தனியானேன். வெகுநேரம் கழித்து, "செபம் சொல்லுங்க. நானும் சொல்றேன்" என்றான். சேர்ந்து சொன்னோம். பாதியில் அவன் குரல் நின்றது. நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் தோண்டியவர்கள் என்னைக் கண்டுபிடித்தார்கள்.

கால் ஆறியதும் அவன் மனைவி ரோசம்மாளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவருக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டேன்மா."

"தெரிஞ்சுமா உங்களோட செபம் சொன்னாரு?" எழுந்து கதவைத் திறந்தாள். "அவரு மன்னிச்சிருப்பாரு. என்னால முடியாது. போங்க."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லார் முன்பும் சொன்னேன். அன்றிலிருந்து கோயிலில் நான் உட்காரும் பலகையில் வேறு யாரும் உட்காரவில்லை. ரோசம்மாள் சாகும்வரை என்னோடு பேசவில்லை. அவள்மேல் தப்பில்லை.

எதையாவது ஒளித்து வைத்திருப்பவர்கள் இங்கே இருந்தால், சொல்லிவிடுங்கள். மனிதர்கள் எழுந்து போகலாம். ஆண்டவர் போகமாட்டார். அந்தப் பலகையில் அவரோடு உட்கார்ந்துதான் நான் கிழவனானேன்.