காப்பு அவிழ்த்த பிறகு போட்ட ஊசி

சவரி போய்விட்டான்.

காலையில் அவன் மகள் போன் செய்து "மாமா, அப்பா..." என்றாள். 

சவரிமுத்து. கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் என்னோடு ஒரே கேஜில் இறங்கி, ஒரே லெவலில் டிரில்லிங் பார்த்தவன். பழைய ஆட்களுக்கு "ஆப்பிரிக்கா சவரி" என்றால்தான் தெரியும்.

அந்தப் பட்டப்பெயர் எனக்கும் வந்திருக்க வேண்டியது. செத்தவனைப் பற்றி இப்படியா எழுதுவது என்று கேட்காதீர்கள். ஐம்பது வருஷம் வயிறெரிந்தவனுக்கு வேறு மாதிரி எழுத வராது.

எழுபதுகளின் தொடக்கம். ஆப்பிரிக்காவில் ஒரு தங்கச் சுரங்கத்துக்கு ஆள் எடுக்க பெங்களூருக்கு ஒரு ஏஜெண்ட் வந்திருந்தார். எங்கள் கேங்கில் இரண்டே பேர் செலக்ட். சவரியும் நானும்.

லெட்டர் வந்தது. பதினெட்டாம் நாள் விமானம். அதற்குள் மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டு, போட்டதற்கான அட்டையும் வாங்க வேண்டும். அந்த ஊர்க் கொசு கடித்தால் வரும் காய்ச்சலாம். ஆளையே முடித்துவிடுமாம்...

"நாளைக்கே பெங்களூர் போலாம் வாடா, குத்திக்கினு வந்துடலாம்" என்றான் சவரி.

அன்று சாயங்காலம்தான் எங்கள் லைன் வீடுகளின் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு. தீ மிதிப்பதாக வேண்டியிருந்தேன். வேண்டுதலே இந்த வேலைக்காகத்தான். காப்புக் கட்டிவிட்டால், பத்தாம் நாள் தீ மிதித்து அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

"இன்னாடா அவசரம்? காப்பு அவுத்துட்டு வர்றேன். ஊசி எங்க ஓடிடப் போவுது?"

"ஊசி போட்டுக்கினு வந்து ஒரு நாள் கழிச்சு கட்டிக்கோயேன். ஆத்தா இன்னா கோவிச்சுக்கவா போறா?"

"நீ சர்ச்சுக்குப் போறவன், உனுக்கு இன்னா தெரியும்? போடா" என்று விரட்டினேன். மறுநாள் அவன் தனியாக ரயிலேறினான்.

தீ மிதித்த மறுநாள் நான் போனேன். பாதத்தில் எரிச்சல்கூட அடங்கவில்லை. ஊசி போடும் இடத்தில் டாக்டர் விமானத் தேதியைக் கேட்டு விரல்விட்டு எண்ணினார்.

"இன்னும் ஏழு நாள்தானே இருக்கு? ஊசி போட்டுப் பத்து நாள் ஆனாத்தான் இந்த அட்டை செல்லும்பா. ஏர்போர்ட்லயே நிறுத்திடுவாங்க."

"யாருமே சொல்லலையே சார்..."

லெட்டரை வாங்கிக் கடைசி வரியில் விரலை வைத்தார். அங்கேயே இருந்தது. சம்பளம் போட்டிருந்த வரியைத் தாண்டி நான் எதையாவது படித்திருந்தால்தானே!

மூன்றே நாள். மூன்று நாளில் போச்சு என் ஆப்பிரிக்கா.

இருந்தாலும் ஒரு நப்பாசையில் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தேன். சவரியின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "ஏஜெண்டுகிட்ட சொல்லுடா. ரெண்டு பேரும் அடுத்த வாரம் வர்றோம்னு கேளுடா. உனுக்குத்தான் நல்லா இங்கிலீஷ் வரும்."

மறுநாளே பெங்களூர் போனான். திரும்பி வந்து, "முடியாதுன்ட்டாரு முன்சாமி" என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

கோரமண்டல் ஸ்டேஷனில் அவனை ரயிலேற்றினேன். அவன் சட்டைப் பையில் ஒரு மஞ்சள் அட்டை, என் பையில் ஒரு மஞ்சள் அட்டை. ரயில் அவனை மட்டும் கொண்டுபோனது.

மூன்று வருஷம் கழித்து வந்தான். கன்னம் உப்பி, சும்மா மினுமினுன்னு... ஒரு டேப் ரிக்கார்டர் வேறு. தெருவே அவன் வீட்டு வாசலில் நின்றது. எனக்கும் ஒரு சட்டை கொண்டுவந்தான். தைத்தது மாதிரி அளவு சரியாக இருந்தது, அது இன்னும் எரிச்சல்.

என் அட்டை பத்து வருஷம் செல்லுபடியாகும். பத்து வருஷமும் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. நம்ம ஊரில் இல்லவே இல்லாத ஒரு காய்ச்சலுக்கு நான் ஊசி போட்டுக்கொண்டவன். சுத்த மடையன்.

போன மாதம் அவனைப் பார்க்கப் போனேன். கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தான். மகளை வெளியே போகச் சொன்னான்.

"முன்சாமி... அந்த ஏஜெண்டை நான் பாக்கவே இல்லடா. ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேன். உன் பேச்சை எடுத்தா என்னையும் நிறுத்திடுவானோன்னு பயந்து திரும்பி வந்துட்டேன்."

"விட்றா, பழைய கதை" என்றேன்.

அழுதான். அப்புறம் காபி கேட்டான், முழு டம்ளரும் குடித்தான். நெஞ்சில் இருந்ததை இறக்கி வைத்ததும் முகமே தெளிந்துவிட்டது. அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

ஏனென்றால் என்னிடமும் ஒன்று இருந்தது. அன்றைக்கும் நான் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

சவரி, இப்போ சொல்றேன், கேளுடா. உன் ரயில் போனதும் நேரா ஆத்தா முன்னாடி போய் நின்னேன். அந்தக் காய்ச்சல் உனுக்கு வரணும்னு வேண்டிக்கினேன்.

நல்ல வேளை... நீ என் பேச்சைக் கேக்காம ஊசி போட்டுக்கின.

போய் வாடா.