மூடி வாய்க்காத பச்சைப் பேனா

ஒற்றை நிறத்தில் ரெசின் என்னும் செயற்கைப் பிசினை வார்ப்பது எளிது என்று எண்ணுவோர் அதனை வார்த்துப் பார்த்திராதவர்கள். பல நிறங்களைச் சுழித்து ஊற்றினால் பிழைகள் அந்தச் சுழிப்பிலேயே ஒளிந்துகொள்ளும். ஒற்றை நிறம் எதையும் ஒளிக்காது. ஒரு குமிழி, சரியாகக் கலவாத ஒரு கீற்று, கம்பளிச் சட்டையிலிருந்து உதிர்ந்த ஓர் இழை, யாவும் பேனாவாகக் கடையும்போது மேலே வந்து நிற்கும்.

ஒஸ்லோப் புறநகரான ஹொல்ம்லியாவில், எங்கள் அடுக்குமாடியின் நிலவறையில் எனக்கென ஒரு சிறு பொருளறை உண்டு. அங்கே சனிக்கிழமைதோறும் நான் துண்டுகளை வார்ப்பேன். என் நண்பர் அவற்றைக் கடைசல் பொறியில் பேனாக்களாகக் கடைவார். நான் யாழ்ப்பாணத்தவன். அவர் மதுரைக்காரர், கணினிப் பணிக்காக ஒஸ்லோவுக்கு வந்தவர், என்னிலும் பத்து வயது இளையவர்.

"தம்பி, நீர் இந்த அச்சைக் கொஞ்சம் பிடியும்" என்பேன்.

"அண்ணே, நீங்க நீர்னு சொல்றப்பல்லாம் தலையில கிரீடம் இருக்கான்னு தொட்டுப் பாக்கத் தோணுது."

"கிரீடம் இல்லை, ரெசின்தான் ஒட்டிக்கிடக்கு. ஆடாமல் நில்லும்."

சென்ற கோடையில் அவருடைய வேலை ஒப்பந்தம் முடிந்தது. ஊருக்குத் திரும்புமுன் எனக்கென ஒரு பேனா செய்துதருவதாகச் சொன்னார். பச்சையில் இரண்டு துண்டுகள் வார்த்தோம்: ஒன்று உடலுக்கு, மற்றது மூடிக்கு. உடல் மிக அழகாக அமைந்தது. ஆனால் பயண அவசரத்தில் உளியை அழுத்திவிட்டார் போலும். மூடிக்கான துண்டு சுழன்றுகொண்டிருக்கும்போதே வெடித்துச் சிதறியது.

"விடுங்கண்ணே. அதே பச்சையில இன்னொண்ணு ஊத்தி அனுப்புங்க. ஊர்ல லேத் வாங்குனதும் மூடி ரெடி பண்ணி அனுப்பிடுறேன்" என்றார்.

எனக்கு ஐயமே எழவில்லை. ஒவ்வொரு வார்ப்புக்கும் எந்த நிறமியில் எத்தனை கிராம் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பவன் நான். அவர் ஊரில் லேத் வாங்கியதாகச் சொன்னதும், அதன்படியே நிறமியை எடைபோட்டேன், ரெசின் புட்டியை வெந்நீரில் வைத்து இளக்கினேன், குமிழி எழாதபடி மெல்லக் கலக்கினேன், அழுத்தக் கலனுள் வைத்து மூடினேன். மறுநாள் நண்பகலில், குளிர்காலம் கொடுக்கும் அந்தச் சிறிது நேர வெளிச்சத்தில், சாளரத்தருகே பேனாவின் உடலையும் புதிய துண்டையும் அருகருகே பிடித்தேன். உடலில் இருந்தது ஊசியிலை மரத்தின் நிழற்பக்கப் பச்சை. துண்டில் இருந்தது கடைத்தெரு விளம்பரப் பச்சை.

தராசை மாற்றினேன். நிறமிகளைப் புதிதாக வாங்கினேன். ஆறு துண்டுகள் வார்த்தேன், ஆறும் பொருந்தவில்லை. சனிக்கிழமைகளில் கையுறைப் பெட்டியிலிருந்து இன்னமும் பழக்கத்தால் இரண்டு சோடிகள் எடுத்துவிடுகிறேன். அந்த மூடி வந்து சேரும்வரை எங்களிருவருக்கும் இடையே ஒரு வேலை மீதமிருக்கிறது என்று நம்பியிருந்தேன். ஆறாவது துண்டும் பொருந்தாதபோது அந்த வேலையே கைநழுவிப்போவதாகத் தோன்றியது.

காணொளியில் அழைத்து, துண்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

"இதெல்லாம் பச்சையாண்ணே? எனக்கு நீலமால்ல தெரியுது?"

"உம்முடைய போனைத் துடைச்சுப்போட்டுப் பாரும்."

அவர் சிரித்தார். பிறகு ஒரு துண்டை மீண்டும் காட்டச் சொன்னார். "அண்ணே, திட்டக்கூடாது. அன்னைக்கு நீங்க வெந்நீர் எடுக்க மேல போனீங்கல்ல? பச்சை ரொம்பப் பளிச்சுன்னு இருந்துச்சு. பல்குத்துற குச்சி நுனியில தொட்டு என்னமோ கலந்துட்டேன்."

"என்னத்தைக் கலந்தனீர்?"

"சிவப்பா, கறுப்பா... சத்தியமா ஞாபகம் இல்ல."

எழுதாமல் ஒரு துளியும் சேர்க்கக்கூடாது என்று எத்தனை முறை அவரிடம் சொல்லியிருப்பேன்! சினம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. நான் மேலே போயிருந்தபோது குச்சியும் கையுமாக நின்ற அவரை ஒரு முறையாவது காண வேண்டும் என்ற ஆசைதான் வந்தது.

"பேனாவை அனுப்புங்கண்ணே. கையில வச்சுப் பாத்தா கண்டுபிடிச்சுருவேன். இங்கயே கலந்து ஊத்திக்கிறேன்" என்றார்.

பச்சையில் சிறிது சிவப்பு சேர்த்து ஒன்று, கறுப்பு சேர்த்து ஒன்று என நானே மேலும் இரண்டு வார்த்துப் பார்த்தேன். முதலாவது மங்கிப் பழுப்பேறியது; இரண்டாவது இருண்டது. ஆயினும் பேனாவை அனுப்ப மனம் ஒப்பவில்லை. நாங்கள் சேர்ந்து செய்தவற்றுள் என்னிடம் எஞ்சியது அதுவொன்றே. மூடியில்லாததால் மை உலர்ந்து, எழுதுமுன் ஒவ்வொரு முறையும் முனையை நீரில் நனைக்க வேண்டியிருக்கும். அப்படியே ஒரு மாதம் எழுதினேன்.

மார்ச்சில் ஒரு நாள் அதைக் கழுவி, உலர்த்தி, பஞ்சில் பொதிந்து, மளிகைக்கடைக்குள் இருக்கும் அஞ்சல் முகப்புக்குக் கொண்டுசென்றேன். முகப்பில் எனக்காகச் சுங்கப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த பெண் உள்ளே என்ன இருக்கிறது என்று நொர்வேஜிய மொழியில் கேட்டாள். பேனாவின் ஒரு பாதி என்றேன்.

"அன்பளிப்பா?" என்று கேட்டு, படிவத்தில் அதற்கான கட்டத்தின்மேல் எழுதுகோலை வைத்தாள்.

"இல்லை" என்றேன், சற்று உரக்கவே. அன்பளிப்பைத் திரும்பக் கேட்க இயலாது.

வேறென்னவென்று எழுதுவது என்று கேட்டாள். எனக்குப் பின்னால் இருவர் காத்துநின்றனர். மூடி செய்வதற்காகப் போகிறது, செய்து முடித்ததும் திரும்பி வரும் என்றேன். எப்போது என்பதற்குப் படிவத்தில் இடமில்லை, அவளும் கேட்கவில்லை.