அவருக்கான வரைபடம்

மூளைக்காய்ச்சல் வந்து பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்த என் கணவர், பிழைத்து எழுந்தபோது மனிதர்கள் யாரையும் மறந்திருக்கவில்லை. செராமிக் எஸ்டேட்டில் எந்தச் சூளையில் எந்த பர்னர் அடைத்துக்கொள்ளும் என்பது வரை நினைவிருந்தது. வழி மட்டும் போய்விட்டது. வீட்டுக்குள்ளேயே குளியலறைக்குப் போகிறவர் சமையலறையில் வந்து நிற்பார். மூளையில் வழியை வைத்திருக்கும் இடத்தில் அடி பட்டிருக்கிறது, மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது என்றார் டாக்டர். திரும்பி வருமா என்று கேட்டேன். பழகிக்கொள்ளலாம் என்றார். கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

அவர் சூளை மெக்கானிக். விருத்தாசலம் எஸ்டேட்டில் பீங்கான் சுடும் சின்னச் சின்ன யூனிட்டுகளுக்கெல்லாம் அவர்தான் பர்னர் பார்ப்பார். காய்ச்சலுக்குப் பிறகு ஆள் அனுப்பிக் கூப்பிட்டவர்களிடம் உடம்பு இன்னும் தேறவில்லை என்று சொல்லச் சொன்னார். வழி தெரியவில்லை என்று சொல்ல விடவில்லை. "தெரு தெரியாதவன் கிட்ட எவன் சூளையக் குடுப்பான்?" என்று ஒரு தடவை கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றார். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அவர் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். பக்கத்துக் கடைக்குக்கூடப் போகவில்லை. ஒரே ஒருநாள் போய், திரும்பி வரத் தெரியாமல் அங்கேயே பேப்பர் படிப்பதுபோல மத்தியானம் வரை உட்கார்ந்திருக்கிறார்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த என் தம்பிக்கு மட்டும் விஷயம் தெரியும். அவன் தான் பயன்படுத்திய ஒரு கருவியை ஊருக்கு வந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். உள்ளங்கைக்குள் அடங்கும். செயற்கைக்கோளைப் பிடித்து நாம் எங்கே நிற்கிறோம் என்று காட்டும். குச்சியால் திரையைத் தொட்டால் போகவேண்டிய இடத்துக்கு வழி சொல்லும். எங்கள் வீட்டு வாசலில் நின்று அதை முடுக்கினோம். வெறும் சாம்பல் நிறத் திரையில் ஒரு புள்ளி மட்டும் நின்றது. அதற்குள் இருந்தது சிங்கப்பூர் வரைபடம். நம் ஊருக்கான மென்பொருளை நாமே பார்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றான் தம்பி.

கடைவீதியில் பிரௌசிங் சென்டர் நடத்திய பெண்ணிடம் கொண்டுபோனேன். எனக்குத் தூரத்துப் பழக்கம், வாயைத் திறக்காதவள். யாருக்கு, எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. சில நாள் தேடிவிட்டு இப்போதைக்கு மூன்று இருக்கிறது டீச்சர் என்றாள்.

முதலாவது, நம் நாட்டுக்காரர்கள் செய்தது. நெடுஞ்சாலைகளை அழகாகக் காட்டியது. வேப்பூரிலிருந்து சென்னைக்கு எப்படிப் போவது என்று கேட்டால் கணீரென்று சொன்னது. விருத்தாசலம் அதில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கிற ஒருவருக்கு அது எதற்கும் உதவாது. அதை அன்றைக்கே தள்ளிவிட்டோம்.

இரண்டாவதில் தெருக்கள் இருந்தன. எங்கள் தெருவும் இருந்தது. ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் இடது, வலது என்று சொல்லும். அவருக்கு அது உடனே பிடித்துவிட்டது. காதில் வயரை மாட்டிக்கொண்டால் செல்போனில் பாட்டுக் கேட்கிறார் என்று ஊர் நினைத்துக்கொள்ளும். ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

மூன்றாவது இலவசம். அதில் வரைபடம் என்றே ஒன்று கிடையாது. நாம் நடந்தால் நடந்த வழியைக் கோடாகப் போட்டு வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அந்தக் கோட்டின் மேலே போகலாம், விலகினால் கீச்சென்று கத்தும். வேண்டிய இடத்தில் நாமே பேசிப் பதிவுசெய்து வைக்கலாம். அந்த இடம் வந்ததும் அது ஒலிக்கும்.

எனக்கு மூன்றாவதுதான் மனதுக்குப் பட்டது. காரணம், இரண்டாவது எங்கள் வீட்டை மணிமுத்தாற்றுக்குள் காட்டியது. ஊர் முழுவதும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருந்தது. அதைக் காட்டினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நாலு அடி தள்ளியிருந்தால் என்ன, தெரு தெருதானே என்றார். மூன்றாவதைப் போட்டால் ஒவ்வொரு வழிக்கும் முதலில் யாராவது அவரை அழைத்துப்போக வேண்டும். நான் அவரை ஊர் முழுக்கக் கூட்டிக்கொண்டு சுற்ற, எல்லாரும் பார்க்க வேண்டுமா என்று கேட்டார். அன்றிரவு இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் சாப்பிட்டோம். காலையில் நான் விட்டுக்கொடுத்தேன். இரண்டாவதையே போட்டுக்கொண்டு வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் சைக்கிளில் கிளம்பினார். பின்னால் கேரியரில் பழக்கத்தில் டூல் பாக்ஸையும் கட்டிக்கொண்டார். எஸ்டேட் வரை போய்த் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். நான் ஸ்கூட்டியில் தள்ளி வரலாம், ஆனால் கூப்பிடக் கூடாது, பக்கத்தில் வரக் கூடாது. இது ஒப்பந்தம்.

வழியில் வரும் பாலக்கரை வரை நன்றாகத்தான் போனார். முதுகு நிமிர்ந்திருந்தது. எதிரில் வந்த ஒருவருக்குக் கைகூட ஆட்டினார். அதற்கப்புறம் நேராகப் போகவேண்டியவர் ஒரு சந்துக்குள் திரும்பினார். எஸ்டேட்டுக்கு அந்தப் பக்கம் வழியில்லை. ஒருவேளை எனக்குத் தெரியாத குறுக்குவழி இருக்கலாம் என்று நினைத்தேன். அந்தச் சந்து எங்கே முடிகிறது என்பது அதன் பாதியில்தான் எனக்கு நினைவு வந்தது. அங்கே முன்பு ஒரு ரயில்வே கேட் இருந்தது. அகலப்பாதை போட்டபோது அதை மூடிவிட்டார்கள். குறுக்கே தண்டவாளத் துண்டுகளை நட்டு வைத்திருந்தார்கள். வரைபடத்தில் அந்தக் கேட் இன்னும் திறந்தே இருந்திருக்கிறது.

அவர் இறங்கி, திரையைப் பார்த்தார். நட்டிருந்த இரும்புகளைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். நடந்துபோகிறவர்கள் நுழைந்து நுழைந்து ஓரத்தில் ஒரு இடைவெளி விழுந்திருந்தது. சைக்கிளைச் சாய்த்து அதன் வழியே தள்ளினார். நான் வண்டியை நிறுத்திவிட்டேன். கூப்பிடுவதா வேண்டாமா என்று நின்றேன். கொடுத்த வாக்கு ஒரு பக்கம். தானாகவே புரிந்துகொண்டு திரும்பிவிடுவார் என்ற நம்பிக்கையும், நான் கூப்பிட்டால் இனி ஒருநாளும் வெளியே வரமாட்டார் என்ற பயமும் இன்னொரு பக்கம்.

சேலம் பக்கத்திலிருந்து கூட்ஸ் வண்டியின் ஹாரன் கேட்டது. எனக்குக் கேட்டது. காதில் வயரோடு இருந்த அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. ஜல்லி மேட்டில் சைக்கிளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நில்லுங்க. வண்டி வருது."

நின்றார். ஆனால் வண்டி வரும் பக்கம் பார்க்காமல், குரல் வந்த பக்கம் என்னைத் தேடினார். சைக்கிளின் முன்சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டியிருந்தது. நான் ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. போய்ச் சேர்வதற்குள் அவரே இஞ்சினைப் பார்த்துவிட்டார். சைக்கிளை வெடுக்கென்று பின்னால் இழுத்தார். டூல் பாக்ஸ் சரிந்து, ஸ்பானர்கள் எல்லாம் ஜல்லியில் கொட்டின. அப்புறம் பெட்டி பெட்டியாக வண்டி எங்கள் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. அவர் சட்டையை நான் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பெட்டி போன பிறகும் விடவில்லை.

அவர் காதிலிருந்த வயரைக் கழற்றினார். "நேரா போன்னு சொல்லிச்சு" என்றார். குனிந்து ஸ்பானர்களைப் பொறுக்கினோம்.

அதன் பிறகு கருவி அலமாரியில் கிடந்தது. நானும் எடுக்கவில்லை. மூன்றாவதைப் போடலாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் 'நான் அப்பவே சொன்னேன்' என்பதுபோல ஆகிவிடும். தம்பி போனில் கேட்டபோதெல்லாம் மழுப்பினேன். ஒரு சாயங்காலம் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது அவராகவே வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"அந்தப் பேசி வைக்கிறது இருக்குதே, அதப் போட்டுட்டு வா. ஆனா நீ பேச வேணாம். நான் பேசுறேன்."

ஏன் என்று கேட்டேன்.

"நீ பேசுனா உன் கையப் புடிச்சிக்கினு போற மாதிரி இருக்கும்."

அப்படித்தான் ஆரம்பித்தோம். விடிந்ததும் தெருவில் ஆள் நடமாட்டம் கூடுவதற்குள் கிளம்புவோம். காலைநடை போகிற தம்பதி என்று ஊர் எடுத்துக்கொண்டது. நான் வழி காட்டுவேன். திருப்பம் வரும்போது அவர் கருவியை வாயருகே வைத்துத் தாழ்ந்த குரலில் பேசுவார். "கோபுரம் தெரியுது பாரு, அத வலது கைப்பக்கம் வுட்டுட்டு நேரா போ." "மருந்துக்கடை. இங்க திரும்பாத." "இது ஜங்ஷன் ரோடு. எதுக்கால பஸ்ஸு வரும், ஓரமா போ." யாரோ ஒரு வேலையாளுக்குச் சொல்வதுபோல அதட்டலாகத்தான் சொல்வார். வீட்டிலிருந்து எஸ்டேட் வரை பல நாள் திரும்பத் திரும்ப நடந்து கோடு போட்டோம். பிறகு அவர் முன்னால் போக, நான் பின்னால் போனேன். பிறகு நான் பாலக்கரையிலேயே நின்றுகொண்டேன். அவர் போய்விட்டு வந்தார். அந்த நாட்களில் அவர் மறுபடி கண்ணில்படும்வரை நான் அவர் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிறகு ஒருநாள் காலை ஒரு யூனிட்டிலிருந்து போன் வந்தது. சூளையில் சரக்கு ஏற்றிவிட்டார்கள், பாதி வெந்த நிலையில் பர்னர் அணைந்துவிட்டது, மறுபடி பிடிக்கவில்லை. சூடு இறங்கிவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் விரிசல் விட்டுப் போய்விடும். உடம்பு சரியில்லை என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ரிசீவரை வாங்கி, வரேன் என்றார்.

நான் பள்ளிக்கூடம் போனேன். அன்றைக்கு என்ன நடத்தினேன் என்று தெரியாது. சாயங்காலம் வந்து பார்த்தால் வீடு பூட்டியிருந்தது. வேலை நீண்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். விளக்கேற்றும் நேரம் நெருங்கும்போதுதான் பேட்டரி நினைவு வந்தது. அந்தக் கருவி ஒரு காலைப் பொழுதுக்குத் தாங்கும், மாலை வரை தாங்காது. நாங்கள் எப்போதும் போய் உடனே திரும்பியதால் இதை யோசிக்கவே இல்லை.

யூனிட்டுக்கு போன் செய்து கேட்கலாம். எப்போதோ கிளம்பிவிட்டார் என்று அவர்கள் சொன்னால், இன்னும் வந்து சேரவில்லை என்று நான் சொல்ல வேண்டும். ஏன் வரவில்லை என்பது அடுத்த கேள்வியாக வரும். போன் மேல் கையை வைத்தபடி நின்றேன். எடுக்கவும் செய்தேன், வைக்கவும் செய்தேன். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பினேன்.

தெருமுனை தாண்டவில்லை, எதிரே வந்துகொண்டிருந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. பக்கத்தில், கையில் தூக்குச்சட்டியோடு ஒரு பெண். புடவையில் வெள்ளையாக மண் படிந்திருந்தது. அந்த யூனிட்டில் சரக்கு அடுக்குகிறவள்.

"அண்ணனுக்கு வூட்டுக்கு வழி தெரியலன்னாங்க. அதான் கூட்டியாந்தேன்" என்றாள். தண்ணீர் குடிக்கக்கூட நிற்கவில்லை, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று திரும்பிவிட்டாள்.

நடந்ததை அவர் பிறகுதான் சொன்னார். பர்னர் பிடித்துக்கொண்டது, சரக்கு தப்பியது. திரும்பும்போது பாதி வழியில் குரல் நின்றுபோனது. எந்தப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு நின்றார். தெரிந்தவர்கள் பலர் போனார்கள். ஒருவர் வண்டியை நிறுத்தி, உடம்பு எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்டார். இவர் பரவாயில்லை என்று சிரித்து அவரை அனுப்பிவிட்டார். வெயில் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அந்தப் பெண் வேலை முடிந்து வந்து, இன்னும் ஏன் இங்கேயே நிற்கிறீங்க அண்ணே என்று கேட்டபோதும் முதலில் சும்மாதான் என்றிருக்கிறார். அவள் கொஞ்ச தூரம் போய்விட்டாள். அப்போதுதான் கூப்பிட்டுச் சொன்னாராம்.

"என்ன சொன்னீங்க?"

"எனக்கு வூட்டுக்கு வழி தெரியலம்மான்னு சொன்னேன். எந்தத் தெருன்னு கேட்டாங்க. சிரிக்கல."

மறுநாளே எஸ்டேட் முழுக்கத் தெரிந்துவிட்டது. அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டாள். ஆனால் சொல்லாமல் இருக்க அது ரகசியம் என்று அவளுக்குத் தெரியாதே. வழக்கமாகக் கூப்பிடும் இரண்டு யூனிட்டுக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டதாகக் காதில் விழுந்தது. போன் அடிக்கவில்லை. அவர் கருவியைச் சார்ஜில் போட்டுவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். போன் அடித்தால் எனக்கு வரும் அழைப்பாக இருக்கும். நான் பேசி முடிக்கும் வரை என் முகத்தையே பார்ப்பார். அந்த ஒரு வாரத்தில் நான் போன் பேசவே பயந்தேன்.

பிறகு அன்றைக்குச் சரக்கு தப்பிய யூனிட்டுக்காரரே கூப்பிட்டார். நான்தான் எடுத்தேன். இன்னொரு சூளையிலும் கோளாறு என்றார். கொஞ்சம் தயங்கி, "ஆளு அனுப்பட்டுங்களா டீச்சர்? இல்ல அவரே வந்துருவாருங்களா? எப்படி வசதின்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

என் கணவர் கை நீட்டினார். ரிசீவரைக் கொடுத்தேன்.

"நானே வந்துருவேங்க. சாயங்காலம் மட்டும் யாராச்சும் ஒருத்தர் பாலக்கரை வரைக்கும் கூட வந்தா போதும். அங்க டீச்சர் நிப்பாங்க."

வைத்துவிட்டு, காக்கிச் சட்டை துவைத்திருக்கிறதா என்று கேட்டார்.