மேஸ்திரி கையில் பல் அடையாளம்

சட்டக் கல்லூரியில் அவளை 'ரிட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். எதற்கெடுத்தாலும் ரிட் மனு, பொதுநல வழக்கு போடலாமா என்று கேட்பாள். குழாய் ஒழுகினால்கூட, "ரிட்டு இருக்கா, கோர்ட்ல பாத்துக்குவா" என்று சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கல்குவாரியில் ஒரு காலை வெடி வைத்தார்கள். பறந்து வந்த கல், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்காவின் மண்டையைப் பிளந்தது. ஓடிப்போய் மடியில் தாங்கியவள் ரிட்டுதான். அக்கா அந்த மடியிலேயே செத்துப்போனாள்.

அதற்குப் பிறகு ரிட்டு இரண்டு மாதம் வேறு எதையும் படிக்கவில்லை. வெடித்த நேரங்களைக் குறித்தாள். விரிசல் விட்ட வீடுகளைப் படம் எடுத்தாள். முந்நூறு மீட்டருக்குள் வீடு இருந்தால் வெடி வைக்கக் கூடாது என்று உரிமத்திலேயே இருந்தது. டேப் பிடித்து அளந்தாள். நூற்றுப் பத்துதான் வந்தது.

மனுவை நகலெடுக்க நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போன மதியம், குவாரி மேஸ்திரியும் இன்னொருவனும் உள்ளே நுழைந்து ஷட்டரை இறக்கினார்கள்.

"படிக்கிற புள்ள படிச்சிட்டுப் போ. பேப்பரைக் குடு."

"குடுக்க முடியாது."

மேஸ்திரி அவள் முடியைக் கொத்தாகப் பிடித்துத் தலையை மெஷின்மேல் மோதினான். கண்ணாடி நொறுங்கியது. வாயைப் பொத்திய கையை அவள் கடித்தாள்; பல் எலும்பில் பட்டும் விடவில்லை. மற்றவன் ஸ்டூலைத் தூக்கி முகத்தில் அடித்தான். தாடை முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. கடைக்கார அம்மா பேப்பர் வெட்டும் கத்தியால் அவன் தோளைக் கிழித்த பிறகுதான் இருவரும் காகிதங்களை அள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

"கம்ப்யூட்டர்ல இருக்குடி, மறுபடி எடுத்துக்கலாம்" என்று அந்த அம்மா அழுதாள்.

ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். பஸ் ஓட்டும் அப்பா, "போதும்மா, விட்டுடு" என்றார். அவள் நோட்டில், 'மனுவை நீங்க கொண்டுபோய்க் குடுங்க' என்று எழுதினாள். அவர் டம்ளரைச் சுவரில் விட்டெறிந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எந்த கவுண்டர்ல குடுக்கணும்?" என்று கேட்டார்.

விசாரணையன்று குவாரி வக்கீல், "அந்தப் பொண்ணு படியில வழுக்கி விழுந்திருக்கு, யாரும் அடிக்கல" என்றார். பேச முடியாத ரிட்டு எழுதி நீட்டினாள். நீதிமன்ற ஊழியர் உரக்கப் படித்தார்: 'பின்வரிசையில் மேஸ்திரி உட்கார்ந்திருக்கிறார். அவர் கைக்கட்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது என் பல்.'

மேஸ்திரி கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு எழுந்தான். வாசலில் போலீஸ்காரர் மறித்தார்.

அன்றே வெடி வைக்கத் தடை வந்தது. அடித்த இருவரும் உள்ளே போனார்கள். இருபதாம் நாள் ஜாமீனில் வெளியே வந்துவிட்டார்கள்.

கம்பியை எடுத்ததும் அவள் கடைக்கார அம்மாவிடம் போனாள். "அந்தக் கத்தி என் கையில இருந்திருந்தா, அவன் கழுத்துல போட்டிருப்பேன்மா. அத நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

அந்த அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னாள்.