குளியல் கூடத்தில் சொன்ன வார்த்தை

கனசவா ஊரில் நாற்பது வருஷமாகக் கையால் தைக்கிறவள் கிகுயோ. பழைய பட்டுக் கிமோனோவைத் தையல் பிரித்து, துவைத்து, இழுத்துக் கட்டிக் காயவைத்து, மங்கின பக்கம் உள்ளே போகத் திருப்பித் தைத்தால் போன உயிர் வந்துவிடும். அவளைப் போய் ஒருத்தி குறை சொன்னால் வயிறு எரியாதா?

சொன்னது, மிசோ என்கிற சோயா விழுது விற்கும் கடைக்கார நிஷிவாகி அம்மா. மகளின் நிச்சயதார்த்தத்தில் மண்டியிட்டு உட்காரும்போது, கிகுயோ தைத்த கிமோனோவின் முதுகுத் தையல் விட்டுவிட்டது. நேரில் வந்து கேட்டிருக்கலாம். ஊர்ப் பெண்களெல்லாம் கழுத்தளவு வெந்நீரில் இருக்கும் குளியல் கூடத்தில் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பாவம், கிகுயோவுக்கு வயசாயிடுச்சு. நூலெல்லாம் உளுத்த நூல்!"

என்ன அநியாயம்! இழுபட்டால் நூல்தான் விடவேண்டும், பட்டு கிழியக்கூடாது என்றுதானே தளர்வாக ஓட்டுகிறாள்? நூலை அரைமணியில் மறுபடி ஓட்டிவிடலாம். அந்த வருஷம் மூன்று வீட்டு வேலை அவளிடம் வராமல் நின்றுபோனது.

இலையுதிர் காலத்தில் நிஷிவாகி அம்மா கொல்லைப்புறமாக வந்தாள். அதே கிமோனோவில் முதுகுத் தையலை ஒட்டி ஒரு சாண் கிழிசல்.

"ஸ்டேஷன் பக்கத்துல மிஷின்ல கெட்டியா அடிச்சாங்கம்மா..."

"அதான் பாக்கறேனே. நூல் ஜம்முனு நிக்குது. பட்டுதான் போச்சு."

"பொண்ணு புகுந்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும். ஏதாவது பண்ண முடியுமா?"

முடியும். முதுகின் இடது வலது துண்டுகளை இடம் மாற்றித் தைத்தால், நடுவில் இருக்கிற கிழிசல் பக்கத்தையலின் அகல மடிப்புக்குள் போய்விடும்.

"முடியும். முதல்ல, குளியல் கூடத்துல சொன்னதை அங்கேயே மாத்திச் சொல்லுங்க."

"அத்தனை பேர் முன்னாடியா?"

"அத்தனை பேர் முன்னாடிதானே சொன்னீங்க?"

அன்று சாயங்காலம் கிகுயோவும் குளிக்கப் போனாள். தொட்டிக்குள் நிஷிவாகி அம்மா முகம் சிவந்து, "கிகுயோ அம்மா தையல்ல குறையே இல்லை. மிஷின்ல குடுத்துப் பட்டைக் கிழிச்சது நான்தான்" என்றாள். யாரோ இருமினார்கள். கிகுயோவுக்குக் கோபம் முழுசாகத் தீரவில்லை. ஊசியில் நூல் கோக்கிற அளவுக்குத் தீர்ந்தது.

மறுநாள் கிமோனோவைத் தைக்கக் கொடுத்துவிட்டு, வாசல்வரை போன நிஷிவாகி அம்மா திரும்பினாள்.

"இந்தத் தடவை மட்டும் கொஞ்சம் கெட்டியான நூலா போடுங்களேன்?"

"அதே நூல்தான்" என்று கதவைச் சாத்தினாள் கிகுயோ.