அமராவதி ஓட்டினால் மட்டும் நிற்கும் கார்

அவிநாசி ரோட்டில் அமராவதியின் வெள்ளைக் கார் வருகிறதென்றால் பஸ்காரர்கள் எல்லாம் ஓரம்கட்டி, இறங்கி நின்று கும்பிடுவார்கள். சரி, இது கொஞ்சம் கூடுதல்தான். வழிவிட்டது ஒரே ஒரு மினி பஸ். அதுவும் ஆள் ஏற்ற நின்றிருந்தது. ஆனாலும் அமராவதி நன்றாகக் கார் ஓட்டுவாள் என்பதில் பொய்யில்லை. கணவர் இறந்த பிறகு, ஐம்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டாள். அவள் நடத்தும் சின்னத் தையல் யூனிட்டுக்கு வெட்டிய துணிக்கட்டுகளை ஏற்றி வருவதும், தைத்து முடித்த பனியன்களைக் கம்பெனியில் கொண்டுபோய் இறக்குவதும் அவளேதான். நினைத்த நேரத்தில் கிளம்பலாம், எவன் முகத்தையும் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். அந்த ருசி அவளுக்கு நாக்கில் ஒட்டிக்கொண்டது.

இப்போது அதற்குத்தான் ஆபத்து. ஓடிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று எஞ்சின் அணைந்துவிடும். ஓரமாக நிறுத்திச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்.

மெக்கானிக் முனீஸ் கோவில்பட்டிக்காரன், பூண்டிக்குப் போகிற வழியில் பட்டறை வைத்திருக்கிறான். டீசல் ஃபில்டரை மாற்றினான், பேட்டரி ஒயர்களைச் சுரண்டி முறுக்கினான், சோமனூர் வரைக்கும் ஓட்டிப் பார்த்தான். அணையவே இல்லை. மகன் அருண்குமார் ஓட்டினான். அவனுக்கும் அணையவில்லை.

"வண்டில ஒண்ணுமில்லீங்மா. நீங்கதான் கிளட்ச்ச உட்டுப்போடறீங்க. இனி டிரைவர் வெச்சுக்கலாம்" என்றான் அருண்குமார்.

"உட்டுப்போடறதுக்கு அதென்ன கோழிக்குஞ்சாடா?" என்று கேட்டுவிட்டு, அமராவதி நேராக முனீஸின் பட்டறைக்குப் போனாள்.

"கண்ணு, நீ ஓட்டுனா இது நடிக்குது. நான் ஓட்டறேன், நீ பக்கத்துல உக்காந்து பாரு."

"உசுருக்கு உத்தரவாதம் உண்டாக்கா?"

"பேசாம பெல்ட்டப் போடு."

இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்து, அதில் தொங்கிய கார் சாவியை நுழைத்துத் திருப்பினாள். யூனிட் கேட், குடோன், ஜெனரேட்டர் ரூம், பீரோ, போதாததற்குக் கொமரலிங்கத்தில் இருக்கும் பழைய வீட்டின் இரும்புச் சாவி என்று எல்லாமும் அந்த ஒரே வளையத்தில்தான். ஒரு குழந்தையின் எடை இருக்கும். பிறந்த குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திருமுருகன்பூண்டியில் சிலை செதுக்கும் பட்டறைகளைத் தாண்டி ஒரு வேகத்தடை. கார் ஏறி இறங்கியதுதான் தாமதம், எஞ்சின் அணைந்தது.

"பாத்தியா! பாத்தியா! கிளட்ச்சுல காலே வெக்கல!" கார் நின்றதற்கு அமராவதி சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

முனீஸ் காலைப் பார்க்கவில்லை. "மீட்டர்ல ஒரு வெளக்குகூட எரியல பாருங்க. டீசல் வராம நின்னா வெளக்கு எரியணும்லா? கரண்டே மொத்தமாப் போயிருக்கு."

ஸ்டியரிங்குக்குக் கீழே சாவிக்கொத்து இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவன் அதையே பார்த்தான். எஞ்சினைப் போடச் சொல்லி, நின்ற இடத்திலேயே கொத்தைப் பிடித்துக் குலுக்கினான். அணைந்தது. மறுபடி போடச் சொல்லிக் குலுக்கினான். மறுபடியும் அணைந்தது.

"ஏக்கா, எனக்கு வண்டி குடுக்கும்போது இந்தக் கொத்து எங்க இருந்துச்சு?"

"கார் சாவிய மட்டும் கழட்டித்தான குடுப்பேன்? உங்கிட்ட யூனிட் சாவியக் குடுக்க முடியுமா?"

"அருண் அண்ணனுக்கு?"

"பெத்த மகன்னா மட்டும்? குடோன் சாவிய உட்டுட்டா அப்பறம் என்னைய ஆரு மதிப்பா?"

முனீஸ் சிரித்த சிரிப்பில் பட்டறைச் சிலைகளே திரும்பிப் பார்த்தன. கொத்தின் கனம் இழுத்து இழுத்துச் சாவி ஸ்விட்சின் உட்புறம் தேய்ந்துவிட்டது, மேட்டில் குதிக்கும்போதெல்லாம் இணைப்பு விடுகிறது என்று விளக்கினான். ஒற்றைச் சாவியோடு ஓட்டியவர்களுக்கு எப்படி நிற்கும்?

"ஸ்விட்ச மாத்திருவோம். ஆனா கார் சாவி இனிமே தனியாத்தான் இருக்கணும்."

"தனியா இருந்தா தொலஞ்சு போயிருங்கண்ணு."

"டிரைவர் வச்சா தொலையாதுக்கா."

அமராவதி சாவிக்கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் புது ஸ்விட்சோடு, முனீஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வழியிலிருந்த வேகத்தடை அத்தனையிலும் ஏறி இறங்கி யூனிட்டுக்கு வந்து சேர்ந்தாள். எஞ்சின் ஒருமுறைகூட அணையவில்லை. கேட்டருகே அருண்குமார் நின்றிருந்தான்.

"நாந்தாண்டா கண்டுபிடிச்சேன்" என்று கதவைத் திறக்கும் முன்பே ஆரம்பித்தாள். "பூண்டி மேட்டுல நின்னதுமே, இது கரண்டுக் கோளாறு, கொத்தோட கனந்தான் காரணம்னு முனீசுக்கு எடுத்துச் சொன்னேன். அங்கயே நானே கொத்தக் கழட்டிப்போட்டேன். கேட்டுக்க, டிரைவர் கிரைவரெல்லாம் ஒண்ணும் வேண்டாம்."

அருண்குமார் முனீஸைப் பார்த்தான். "ஏம்ப்பா, அப்படியா?"

"டிரைவர் வேண்டாம், அது சரிதான்ணே. அவுக கிளட்ச்சு மேல ஒரு குத்தமும் இல்ல, நான் பக்கத்துல இருந்து பாத்தேன்" என்று இறங்கினான் முனீஸ். "மத்தபடி, கண்டுபிடிச்சது நான். கொத்தக் கழட்டுனதும் நான். அக்கா மறுபக்கத்தப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருந்தாங்க."