விற்பனையில் சேராத நோட்டு

கடையை விற்பதற்கு நானும் தலையாட்டினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு சொந்தக்காரர்களிடம் பேசும்போது, என் கணவர் தன்னிஷ்டத்துக்கு விற்றுவிட்டதுபோல நான் சொன்னதுண்டு. அது உண்மையில்லை.

அறுபதுகளின் ஆரம்பத்தில் என் கணவர் மெட்ராசில் சீமைக் கார் விற்கும் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தார். வெளிநாட்டுக் கார் வருவது நின்றுபோனதும் கம்பெனி அந்தப் பிரிவை மூடியது. கிடங்கில் கிடந்த உதிரி சாமான்களை என்ன செய்வதென்று தெரியாமல் மலிவாகக் கொடுத்தார்கள். இவர் மொத்தத்தையும் வாங்கி, இரண்டு லாரியில் ஏற்றி, திருவள்ளூருக்குக் கொண்டுவந்துவிட்டார். மணவாள நகரில் தகரக் கூரை போட்ட ஒரு பழைய நெல் கிடங்கு வாடகைக்குக் கிடைத்தது. அதில்தான் கடை. பின்பக்கம் ஒரு அறையும் சமையற்கட்டும். அதுதான் வீடு.

சாமான்கள் இறங்கிய அன்று நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். கோணி கோணியாக இரும்பு, பித்தளை, ரப்பர். எல்லாவற்றின் மேலும் கறுத்த கிரீஸ்.

“இன்னா அப்படிப் பாக்குற? இதுல பாதி எந்த வண்டிதுன்னு எனக்கே தெரியாது” என்றார் அவர்.

கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. பகல் முழுக்க அவர் வெளியில் பழைய கார் வைத்திருப்பவர்களைத் தேடி அலைவார். நான் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஒவ்வொரு சாமானாகத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அவற்றின் உருவம் கைக்குப் பழகியது. சாயங்காலம் அவர் வந்ததும், “இது இன்னாது? எங்க மாட்டுறது?” என்று கேட்பேன். அவர் சொல்வதை மறக்காமல் இருக்க ஒரு வழி தேவைப்பட்டது. எட்டாவது வரை படித்தபோது எனக்கு டிராயிங் நன்றாக வரும். பெரிய டிராயிங் நோட்டு ஒன்று வாங்கிவரச் சொன்னேன். சாமானை அப்படியே தாளின்மேல் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்தேன். எத்தனை துளை, எவ்வளவு கனம், எந்த வருஷத்து வண்டி, எந்த இடத்தில் மாட்டுவது என்று பக்கத்திலேயே எழுதினேன். அதே நம்பரை ஒரு சீட்டில் எழுதி, நூலால் சாமானில் கட்டினேன். நோட்டு ஒன்று மூன்றானது. மூன்றையும் சேர்த்துத் தைத்து அட்டை போட்டேன்.

வியாபாரம் மெல்ல நிமிர்ந்தது. கோயம்புத்தூர், காரைக்குடி, ஊட்டி என்று எங்கிருந்தெல்லாமோ கடிதம் வரும். உடைந்த சாமானின் படத்தைத் தாங்களே கிறுக்கி அனுப்புவார்கள். நான் நோட்டைப் பார்த்துப் பதில் எழுதுவேன், அவர் பெயரில்தான். அதில் எனக்கு அப்போது வருத்தம் ஒன்றும் இல்லை. கடை அவர் பெயரில் இருக்கும்போது கடிதமும் அவர் பெயரில்தானே போக வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

நேரில் வருபவர்களில் அரக்கோணத்திலிருந்து வரும் ஒரு டாக்டர் முக்கியமானவர். ரிட்டயரானவர். அவர் மனைவிக்குக் கால் நடக்க வராது. அமாவாசை தவறாமல் அந்த அம்மாவைத் தன் பழைய காரில் உட்காரவைத்துத் திருவள்ளூர் கோயிலுக்குக் கூட்டிவருவார். அப்படியே எங்கள் கடை வாசலிலும் வண்டி நிற்கும். எதையும் வாங்காவிட்டாலும், “எம் வண்டிக்கு எல்லாம் இருக்கில்லம்மா?” என்று கேட்டுவிட்டுத்தான் போவார். இருக்கிறது என்பேன். இருந்தது.

எழுபதுகள் பிறந்து நாலைந்து வருஷம் போனபின் என் கணவர் சோர்ந்துவிட்டார். முழங்கால் வலி ஒரு பக்கம். பழைய வண்டி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வண்டியைக் கொடுத்துவிட்டு உள்நாட்டுக் கார் வாங்கியது இன்னொரு பக்கம். கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் மேஸ்திரி வேலை இருப்பதாக அவருடைய பழைய சிநேகிதர் சொல்லியனுப்பினார். அதே சமயத்தில் கோடம்பாக்கத்திலிருந்து ஒருவர் கடையை விலைக்குக் கேட்டு வந்தார். சினிமா ஷூட்டிங்குக்குப் பழைய கார்களை வாடகைக்கு விடுபவர் அவர். பத்துப் பன்னிரண்டு வண்டி வைத்திருந்தார். அவற்றை ஓட வைக்க எங்கள் சாமான்கள் வேண்டும், மிச்சத்தை எங்களைப்போலவே வந்து கேட்பவர்களுக்கு விற்பேன் என்றார்.

மூன்று தடவை என்னைக் கேட்டார் என் கணவர். மூன்று தடவையும் நான், “உங்க இஷ்டம்” என்றுதான் சொன்னேன். அவர் மனதுக்குள் முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார் என்று எனக்கு ஓர் எண்ணம். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பாரோ என்னவோ. சொல்லிப் பார்க்கவில்லை.

கோடம்பாக்கத்துக்காரர் கடையைச் சுற்றிப் பார்க்க வந்த நாளை நான் மறக்கவே மாட்டேன். அலமாரி அலமாரியாகப் பார்த்தார். ஒரு டப்பாவை எடுப்பார், சீட்டைப் படிப்பார், அதே இடத்தில் வைப்பார். நான் காபி டம்ளர்களோடு பின்னால் நின்றேன்.

“இன்னா ஒழுங்கு அண்ணே இது! ஆஸ்பத்திரி மாரி வெச்சிகினு கீறீங்க. யாரு இதெல்லாம் செஞ்சது?”

“நான்தான். பத்து வருசமா இதே வேலைதான்” என்றார் என் கணவர்.

ஒரு கணம்கூட யோசிக்கவில்லை அவர். என் பக்கம் திரும்பவும் இல்லை. நான் காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். மேஜைமேல் நோட்டு கிடந்தது. எடுத்து என் புடவைப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினேன். இப்படிச் செய்ய வேண்டும் என்று திட்டம் எதுவும் போடவில்லை. கை தானாகச் செய்தது என்று சொன்னால் அதுவும் பொய். நான்தான் செய்தேன்.

பத்திரத்தில் சாமான்கள், அலமாரிகள், தராசு, மேஜை, நாற்காலி எல்லாம் இருந்தன. நோட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே வாங்குகிறவருக்குத் தெரியாது.

லாரி வந்த அன்று கூலியாட்கள் டப்பாக்களைக் கோணியில் கவிழ்த்துக் கட்டினார்கள். டப்பாவோடு ஏற்றினால் இடம் போதாதாம். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூல்கள் அறுந்தன. சீட்டுகள் தரையெல்லாம் உதிர்ந்தன. ‘ஐயோ, அப்படிக் கொட்டாதீங்க’ என்று ஓடிப்போய்ச் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவர்கள் போனபிறகு சீட்டுகளைப் பெருக்கி அள்ளினேன். ஒரு முறம் நிறைய இருந்தது.

நாங்கள் மீஞ்சூருக்குக் குடிபோனோம். அங்கிருந்து அவர் தினமும் ரயிலில் கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போனார். ஆறேழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, விலாசம் விசாரித்துக்கொண்டு கோடம்பாக்கத்துக்காரர் வந்தார். உட்காரக்கூட இல்லை.

“அண்ணே, ரொம்பப் பேஜாராப் பூடுச்சு. எது எந்த வண்டிதுன்னே தெரியல. ரெண்டு மெக்கானிக் வெச்சிப் பாத்துட்டேன். பட்டியல் கிட்டியல் ஏதாச்சும் இருந்தா குடுங்க.”

என் கணவர் என்னைப் பார்த்தார். அந்த நோட்டைத் தினமும் பார்த்தவர் அவர். அதில் நான் கோடு போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொன்னவர்.

“பட்டியல் ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் ஞாபகத்துலயே வெச்சிகினு இருந்தது” என்றேன் நான்.

என் கணவர் கீழே பார்த்துக்கொண்டு, “ஆமா” என்றார்.

வந்தவர், “சரி, தண்ணி குடுங்கம்மா” என்று வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அதன்பின் நாங்கள் இருவரும் நோட்டைப் பற்றி மட்டும் பேசிக்கொள்ளவே இல்லை.

அடுத்த கோடையில் டாக்டர் வந்தார். அரக்கோணத்திலிருந்து மெட்ராஸ் போய், அங்கிருந்து ரயில் மாறி மீஞ்சூருக்கு, தனியாக. காரின் தண்ணீர் பம்பு போய்விட்டது. கோடம்பாக்கத்துக்கு மூன்று தடவை நடந்திருக்கிறார். மூன்று தடவையும் மூன்று பம்பு கொடுத்தார்களாம். எதுவும் பொருந்தவில்லை.

“அவங்களைக் குத்தம் சொல்ல முடியாதும்மா. குவியலா கெடக்குது. அதுல எங்க தேடுவாங்க? அமாவாசை ரெண்டு போயிடுச்சு. வீட்டுல இவ வாயத் தொறந்து கேக்க மாட்டா. ஆனா தேதி மட்டும் பாத்துகினே இருப்பா.”

அவர் கேட்ட பம்பு நோட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எனக்குப் பார்க்காமலே தெரியும். அந்தப் பக்கத்தின்மேல் சாமானை வைத்துப் பார்த்தால் போதும், சீட்டு இல்லாமலே கண்டுபிடித்துவிடலாம். “நான் தேடிச் சொல்றேங்க” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மறுநாளே போயிருக்க வேண்டும். கணவருக்கு என்ன சொல்வது, கோடம்பாக்கத்துக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்தே நாட்களைக் கடத்தினேன். மூன்றாவது வாரம்தான் நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன்.

அவருடைய இடத்தில் கார்கள் வரிசையாக நின்றன. பின்பக்கக் கொட்டகை காலியாக இருந்தது. தரையில் எண்ணெய்க் கறை மட்டும்.

“போன வாரம்தாம்மா எடைக்குப் போட்டேன்” என்றார். “எடத்த அடச்சிகினு கெடந்துச்சு. நம்ம வண்டிங்களுக்கு ஆவற மாரி கொஞ்சம் எடுத்து வெச்சிகினு, மீதிய உருக்கற எடத்துக்கு அனுப்பிட்டேன். எங்கயோ கும்மிடிப்பூண்டி பக்கமாம்.”

நான் பையிலிருந்து நோட்டை எடுத்து அவரிடம் கொடுத்தேன். பக்கம் பக்கமாகத் திருப்பினார். ரொம்ப நேரம் திருப்பினார்.

“யாரு போட்டது இது?”

“நான்தாங்க.”

“அண்ணன் இல்லியா?”

“இல்லீங்க.”

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் நோட்டை மூடி என்னிடமே நீட்டினார்.

“அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, திருவள்ளூர்லயே கடைய வெச்சி உங்களையே பாத்துக்கச் சொல்லியிருப்பேனேம்மா. நான் வாங்குனதே அந்த ஒழுங்குக்காகத்தான்” என்றார்.

எடுத்துவைத்திருந்தவற்றில் டாக்டரின் பம்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். இல்லை.

வீட்டுக்கு வந்தபோது கணவர் ஷிஃப்டுக்குக் கிளம்பச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் நான் கேட்டேன்.

“நோட்டு இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? அன்னிக்கு ஏன் ஆமான்னீங்க?”

“நான்தான் செஞ்சேன்னு மொதல்ல பொய் சொன்னவன் நானு. வித்ததும் நானு. ஒனக்கு எப்படி இருந்திருக்கும்னு ரயில்ல போறப்பல்லாம் தோணும். அதுக்கப்புறம் இன்னா மொகத்த வெச்சிகினு, நோட்டக் குடுன்னு ஒன்னக் கேக்கறது?”

“இதை அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“நீயுந்தான், விக்க வேணாம்னு சொல்லியிருக்கலாம்.”

அவர் குரலில் குத்தல் இல்லை. கையைக் கழுவிவிட்டு ரயிலுக்குப் போய்விட்டார்.

அடுத்த அமாவாசைக்கு நான் திருவள்ளூர் போனேன். டாக்டர் வந்தால் நடந்ததைச் சொல்லிவிடுவது என்று முடிவோடு போனேன். கோயில் குளக்கரைக்குப் பக்கத்தில் ஒரு குதிரை வண்டி நின்றது. ஸ்டேஷனிலிருந்து அதில் வந்திருக்கிறார்கள். அந்த அம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவரை ரயிலிலிருந்து இறக்கி வண்டியில் ஏற்ற இரண்டு போர்ட்டர்கள் வேண்டியிருந்ததாம். காரை யாருக்கோ கொடுத்துவிட்டதாக டாக்டர் சொன்னார்.

“அந்தச் சாமான் எங்கயும் இல்லீங்க” என்றேன்.

“தெரியும்மா. நான் கோடம்பாக்கத்துல விசாரிச்சேன். எனக்காக நீயே அவ்ளோ தூரம் போய்த் தேடினியாமே. யாரு செய்வாங்க இந்தக் காலத்துல?”

கோடம்பாக்கத்துக்காரர் மற்றதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, தன் மடியிலிருந்த துளசியில் கொஞ்சம் கிள்ளி என் கையில் வைத்தார்.

வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலே வண்டி கிளம்பும்வரை நின்றுவிட்டு, ஏதோ நினைப்பில் ஊத்துக்கோட்டை பஸ் நிற்கும் இடம் வரை போய், நான் ரயிலில் அல்லவா போக வேண்டும் என்று நினைவு வந்து, திரும்பி ஸ்டேஷனுக்கு நடந்தேன்.